கலகாரிக்கு ஒற்றைக் கோடு போதாது

தமிழில் பள்ளி அட்லஸ் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவின் தென்பகுதிப் படத்தில் கலகாரியை ஒரே மஞ்சள் திட்டாக அடைத்து, பக்கத்தில் ‘9 லட்சம் சதுர கி.மீ.’ என்று அச்சிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். அங்கோலா, ஜாம்பியா வரை ஏறும் அந்தத் திட்டு, பாலைவனத்தையும் உள்ளடக்கிய கலகாரி வடிநிலம் என்ற பெரிய தாழ்நிலத்தைக் குறிப்பது. அதன் பரப்பு சுமார் 25 லட்சம் சதுர கி.மீ. பாலைவனம் எனப்படும் பகுதிதான் ஏறத்தாழ 9 லட்சம். படம் ஒன்றைக் காட்டி எண் வேறொன்றைச் சொன்னால் மாணவர் எதை நம்புவார்?

குழப்பத்தின் வேர் மணல். கலகாரி மணல் தெற்கே ஆரஞ்சு ஆற்றுப் பக்கம் தொடங்கி வடக்கே காங்கோ வடிநிலம் வரை பரவிக் கிடக்கிறது. மேற்கு ஜாம்பியாவில் அதே மணலில் ஜாம்பசி தேக்குக் காடு நிற்கிறது. மணலை மட்டும் வைத்து எல்லை பிடித்தால் அந்தக் காடும் பாலைவனமாகிவிடும். மழையளவு மட்டும் பார்த்தாலும் தப்பு. தென்மேற்கில் ஆண்டுக்கு 150 மி.மீ. அளவில் இருக்கும் மழை வடகிழக்கில் 500 மி.மீ.யைத் தொடுகிறது. ஆனால் அங்கும் பெய்வதை மணல் உறிஞ்சிவிடுவதால் தரையில் ஓடை நிற்பதில்லை.

ஆகவே இரண்டு தாள்கள் வரையுங்கள். ஒன்றில் மணற்பரப்பு. மற்றொன்றில் வறட்சிக் குறியீடு, அதாவது ஆண்டு மழையளவை, மண்ணும் செடியும் சேர்ந்து ஆவியாக்கக்கூடிய நீரளவால் வகுத்தால் வரும் எண். 0.05 முதல் 0.20 வரை வறண்ட நிலம், 0.20 முதல் 0.50 வரை அரைவறண்ட நிலம். குறைந்தது 30 ஆண்டுச் சராசரியை எடுங்கள். ஓரிரு ஆண்டுக் கணக்கில் வரைந்தால், மழை பொய்த்த ஆண்டில் கோடு வெகுதூரம் நகர்ந்துவிடும். மணலும் 0.50-க்குக் குறைந்த குறியீடும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தைக் கலகாரிப் பாலைவனமாகக் கொள்ளுங்கள். அப்படி வரும் பரப்பை அளந்து அந்த எண்ணையே அச்சிடுங்கள். 9 லட்சத்தோடு அது அச்சாகப் பொருந்தாது. பொருந்த வைக்கவும் முயல வேண்டாம்.

ஓரங்களில் கவனம் தேவை. மேற்கே கடலோர நமீப் பாலைவனத்தோடு சேர்த்துவிடாதீர்கள். நடுவே நமீபியாவின் தலைநகர் விண்டுக் அமைந்த மேட்டுநிலம் இருக்கிறது. கிழக்கே போட்ஸ்வானாவின் காபரோனி, பிரான்சிஸ்டவுன் நகரங்கள் பக்கம் மணல் விட்டுக் கெட்டித் தரை தொடங்குகிறது. தெற்கே நோசோப், மொலோப்போ ஆற்றுத்தடங்கள் போட்ஸ்வானாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடையிலான நாட்டெல்லைகளே தவிர நிலத்தின் எல்லைகள் அல்ல. செம்மணல் இரு கரையிலும் உண்டு.

போட்ஸ்வானாவில் ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேராமல் பரந்து முடியும் கழிமுகச் சதுப்பைப் பாலைவனத்தில் விழுந்த ஓட்டையாக வெள்ளை விடாமல் தனி நிறம் கொடுங்கள். அங்கோலா மேட்டில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை மெல்ல இறங்கி ஜூன் முதல் ஆகஸ்டு வரை, உள்ளூரில் மழையே இல்லாத காலத்தில், அங்கே வெள்ளமாக நிற்கிறது. மாணவர் வியந்து படிக்க வேண்டிய இடம் அது.

கடைசியாக, கோட்டின் தடிப்பு. 1:1,00,00,000 அளவுத்திட்டத்தில் அரை மி.மீ. கோடே 5 கி.மீ. அகலம். வடகிழக்கில் புல்வெளி மெல்ல மெல்லக் காடாக மாறுவதால் கூர்மையான கோடு அங்கே பொய். ஒரு செ.மீ. அகலப் பட்டையாக, 100 கி.மீ. தூரத்துக்கு, நிறத்தை மங்கவிடுங்கள். எல்லை எந்த அடிப்படையில் வரையப்பட்டது என்பதை ஒரே வரியில் படத்தின் அடியிலேயே போடுங்கள். பின்னிணைப்பில் போட்டால் வகுப்பில் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அன்புடன்,
நிலவரைபடப் பணியில் உள்ள சிலர்