சளியில் கிருமி இல்லையென்றால் அடுத்து என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்யுங்கள்' என்று சுகாதார நிலையச் சுவர்களில் எழுதியிருக்கிறார்கள். என் மனைவிக்கும் செய்தோம். காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது. அதற்கப்புறம் என்ன செய்வது என்பது எந்தச் சுவரிலும் இல்லை. அவளுக்கு இருந்தது நுரையீரல் புற்றுநோய் என்று தெரிய மாதக்கணக்கானது.

உசிலம்பட்டிப் பக்கம் முப்பது வருடம் வாசலில் இட்லிக் கடை போட்டவள். சீமைக்கருவேல விறகடுப்பு. வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி இழுத்தது நான். அவள் தொட்டதுகூட இல்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது, டிபியாகத்தான் இருக்கும் என்று ஒரு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கினார்கள். நம் பக்கம் அந்த நோய் அதிகம், முதலில் அதை நினைத்ததில் குற்றமில்லை. ஆனால் நான்கு மாதமாகியும் இருமல் நிற்கவில்லை, எடை 54 கிலோவிலிருந்து 45க்கு இறங்கிவிட்டது. அப்போதாவது ஒருவர் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கலாம். நானும் கேட்கவில்லை. மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, மருந்து வேலை செய்கிறது என்று தெம்பாக இருந்துவிட்டேன்.

தெருக்கோடி வரை கேட்கும் குரல் அவளுக்கு. ஒருநாள் "சாம்பாரா, சட்னியா?" என்று அவள் கேட்டது எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவருக்கே கேட்கவில்லை. தொண்டைக்கட்டு என்று மிளகுக் கஷாயம் வைத்தோம். இடது நுரையீரல் பக்கம் இருக்கும் கட்டி, குரலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்பது மதுரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். "கத்தி படக்கூடாதுடா தம்பி, பட்டா பரவிரும்" என்றது என் அக்கா. அதைக் கேட்டு மூன்று வாரத்தை வீணாக்கினேன். கடைசியில் ஊசி வழியாகத் துளிச் சதைதான் எடுத்தார்கள். மறுநாள் காலை அவளே எழுந்து காபி போட்டாள்.

சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினார் டாக்டர். நுரையீரல் புற்றுநோயில் நூற்றுக்குச் சுமார் 85 'சிறு செல் அல்லாத' வகையாம். மீதி 'சிறு செல்' வகை. பெரும்பாலும் புகைப்பவர்களுக்கு வருவது, வேகமாகப் பரவுவது. இவளுக்கு வந்தது முதல் வகையில் அடினோகார்சினோமா, புகைக்காதவர்களுக்கும் வரக்கூடியது. எடுத்த சதையில் மரபணுச் சோதனை செய்ததில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. அதற்குத் தினம் ஒரு மாத்திரை. விறகுப் புகையா, என் பீடியா என்று கேட்டேன். "இதனாலதான்னு ஒருத்தருக்குச் சொல்ல முடியாதுங்கய்யா. ரெண்டும் கெடுதல்தான்" என்றார்.

நெஞ்சில் நீர் கோத்து, அதிலும் புற்றணுக்கள் இருந்ததால் நான்காம் நிலை, அதாவது நோய் பரவிவிட்ட நிலை. இப்போது எடை 49. கடையை மூடிவிட்டோம்.

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். அந்த வாசகத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: 'சளியில் கிருமி இல்லையா, மாத்திரையிலும் இருமல் குறையவில்லையா? சளியில் ரத்தம், குரல் கம்மல், தோள்வலி, உடல் மெலிவு உண்டா? சி.டி. ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.' எங்கள் ஊர்ச் சுவரில் இடம் இருக்கிறது. பெயிண்ட் செலவை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.