அந்த ட்விட்டர் பெட்டியை நம்பி என்னை பஸ் ஏத்தாதீங்க

நம்ம ஆன்லைன் கோர்ஸ் பேஜை பாத்துக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

பேஜ்ல வலது பக்கம் நம்ம காலேஜோட ட்விட்டர் ஃபீடை (எக்ஸ்னு பேர் மாத்தி வருஷமாச்சு, எனக்கு வாய்ல வரல) எம்பெட் பண்ணி, அதாவது அந்தப் பதிவெல்லாம் நம்ம பேஜுக்குள்ளேயே ஒரு பெட்டியில தெரியுற மாதிரி வெச்சிருக்கீங்களே, அதைப் பத்திதான் இந்த மடல். ஏற்கனவே ரெண்டு தடவை மெயில் போட்டாச்சு, உங்களுக்கே தெரியும்.

போன சனிக்கிழமை பாண்டிச்சேரில நேரடி கிளாஸ். நான் நெல்லிக்குப்பம். புள்ளைக்கு லேசா காய்ச்சல், அத்தைகிட்ட விட்டுட்டு, கடையில அரை நாள் சம்பளத்தையும் விட்டுட்டு, கடலூர் வந்து அங்கேருந்து இன்னொரு பஸ் புடிச்சு நின்னுக்கிட்டே வந்து சேந்தா கேட் பூட்டிருக்கு. வாட்ச்மேன் அண்ணன் சொல்றாரு, "கிளாஸ் இல்லம்மா, நேத்தே பேஜ்ல போட்டுட்டாங்களே". அங்கேயே வெயில்ல நின்னு போனை எடுத்துப் பாத்தேன், அந்தப் பெட்டி வெள்ளையா காலியா இருக்கு. அப்புறம் கூடப் படிக்கிற பொண்ணு போன்ல பாத்தா இருக்கு, யாருக்கோ பொன்னாடை போத்துற நாலு போட்டோவுக்கு கீழ ஒரே ஒரு வரி, "நாளை வகுப்பு இல்லை"ன்னு.

ஏன் எனக்கு வரலன்னா எனக்கு ட்விட்டர்ல அக்கவுன்ட் இல்ல. 2023 ஜூன் கடைசில அவங்க லாகின் பண்ணாதவங்களுக்கு கதவைச் சாத்துனாங்க, அப்புறம் கொஞ்சம் திறந்தாலும் இந்த மாதிரி எம்பெட் பண்ண ஃபீட் பல பேருக்கு காலியாத்தான் வருது. சரின்னு நேரா காலேஜோட ட்விட்டர் பக்கத்துக்கே போனா எப்பவோ லைக் வாங்குன பழைய பதிவு முன்னாடி வந்து நிக்குது. பிரவுசர்ல டிராக்கர் தடுப்பு (நாம என்ன பாக்குறோம்னு வேவு பாக்குறதைத் தடுக்குற வசதி) போட்டிருந்தாலும் சில சமயம் பெட்டி வராது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணியே வெச்சிருக்குற உங்களுக்கு எல்லாம் பளிச்னு தெரியும், அதான் எங்க கஷ்டம் தெரியல.

நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு. கிளாஸ், பரீட்சை, அசைன்மென்ட் தேதி எதுவா இருந்தாலும் பேஜ்லயே டெக்ஸ்டா போடுங்க. நீங்க கோர்ஸ் நடத்த வெச்சிருக்குறது மூடில் (Moodle) சாஃப்ட்வேர்தானே, அதுல அனவுன்ஸ்மென்ட்ஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்க போட்டா கோர்ஸ்ல சேந்த எல்லாருக்கும் மெயிலும் போயிடும். டைப் பண்ண ரெண்டு நிமிஷம் ஆகுமா?

ஃபீஸ் கட்ட கடைசி தேதி மட்டும் எஸ்எம்எஸ், மெயில், வாட்ஸ்அப்னு மூணு வழியா வருது, அதுக்கு எந்த எம்பெடும் தேவைப்படல பாருங்க. படிக்கத்தான் சேந்தோம், ஃபாலோயர் ஆகுறதுக்கு இல்ல.

கோவத்துல ஏதாவது அதிகமா பேசிருந்தா மன்னிச்சிடுங்க. ஃபீடை எடுக்கச் சொல்லல, பொன்னாடை போட்டோவுக்கு அது இருந்துட்டுப் போகட்டும், தகவலை மட்டும் தயவுசெஞ்சு டெக்ஸ்டா போடுங்க. வர்ற சனிக்கிழமை கிளாஸ் இருக்கா இல்லையான்னு இப்ப வரைக்கும் எனக்குத் தெரியாது. அதுலேருந்தே ஆரம்பிச்சீங்கன்னா நல்லாருக்கும்.