கதையாட்ட மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இந்த ஆண்டு 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' விளையாட்டின் இருபதாம் ஆண்டுப் பதிப்பையே ஆடினோம். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு ரத்தக்காட்டேரியாக வேடமேற்று, பேசியும் பகடை உருட்டியும் கதை வளர்க்கும் ஆட்டம் இது. அரிய குருதிவழிகளை, அதாவது பெருங்குலங்களில் சேராத சிறு ரத்தக்காட்டேரி மரபுகளைப் பற்றிய துணைநூலையும் மன்ற நிதியில் வாங்கினோம். அது வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கிறது. வைத்திருப்பவர் இன்றே ஒப்படைத்தால் நல்லது.

1991இல் வெளிவந்த இவ்விளையாட்டில் பெருங்குலங்கள் 13. துணைநூல் வந்ததும் அவற்றை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முதல் ஆட்டத்தில் அழுகிய பிணத்தோற்றம் கொண்ட சமேடி, ரத்தத்தோடு மனித இறைச்சியும் தின்னும் நாகராஜா, சிறகு முளைத்த கார்காயில் மூவரும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். ரத்தக்காட்டேரிகள் மனிதர் கண்ணில் படாமல் வாழவேண்டும் என்பதே ஆட்டத்தின் அடிப்படை. ஊரே திரண்டு வந்ததில் என்ன வியப்பு? கதை பாதியிலேயே கலைந்தது.

இரண்டாம் ஆட்டத்தில் கதைசொல்லி, அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ஒரே ஒரு குருதிவழியை அனுமதித்தார்: சலூப்ரி. நோய் தீர்ப்பவர்கள், ஆற்றல் வளர்ந்தபின் நெற்றியில் மூன்றாம் கண் திறக்கும். விருப்பமில்லாதவரிடம் ரத்தம் குடித்தால் மனவலிமை குறையும். இவர்களின் மூதாதையான சாலோட்டின் ரத்தத்தைக் குடித்துத்தான் ட்ரெமீர் என்ற மந்திரவாதி வலிமை பெற்றான்; அவன் குலத்தார் சலூப்ரிகளைத் தேடித் தேடி அழித்தார்கள். நம் மேசையில் ட்ரெமீர் குலத்தவர் ஒருவரும் இருந்தார், அதுவும் படுகாயத்துடன். குணப்படுத்தினால் நெற்றிக்கண் காட்டிக்கொடுத்துவிடும். விட்டால் தோழர் அழிந்துபோவார். சலூப்ரி ஆடிய உறுப்பினர் பத்துமுகப் பகடைகளை உள்ளங்கையில் வைத்தபடி வெகுநேரம் உருட்டவே இல்லை. பிறகு, "தலைத்துணியை அவிழ்க்கிறேன்" என்றார். நூலுக்குக் கொடுத்த பணம் அந்த மாலையிலேயே வசூலாகிவிட்டது என்பது என் கணிப்பு.

ஐந்தாம் பதிப்புக்கு மாறலாம் எனச் சிலர் கேட்கிறார்கள். அதில் சமேடி, நாகராஜா முதலியோரை ஜியோவானி என்ற பெருங்குலத்தாரோடு சேர்த்து 'ஹெகாட்டா' என்று ஒரே குலமாக்கிவிட்டார்கள். கூட்டுக்குடும்பச் சண்டைக்கு அது நல்ல களம்தான். ஆனாலும் தனிவழிகளின் விசித்திரம் மங்கிவிடுகிறது என்றே நினைக்கிறேன். முடிவு பொதுக்குழுவுடையது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலக மாடி அறையை இரவு எட்டு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள்; ரத்தக்காட்டேரிகளுக்கு இது விடியற்காலை மாதிரி. வேறு இடம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

வரும் ஆண்டு முதல் ஒரு மேசைக்கு ஒரு அரிய குருதிவழி மட்டுமே, அதுவும் கதைசொல்லியின் ஒப்புதலோடு என்ற விதியை முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் கை உயர்த்தவும்.

செயலாளர்