செங்கிப்பட்டியில் நின்ற பியட்

திருச்சி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நம்ம பாலிடெக்னிக் வழியாகத்தான் தினமும் போகிறாள். பரோட்டாக் கடையைக் காட்டி உன் பதினேழு பரோட்டாக் கதையைச் சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறாள். நீயே வந்து சாட்சி சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பழைய கார், அதுதான் பியட் பத்மினி, படுத்துவிட்டது. சிரிக்காதே.

மாமா பேத்தி கல்யாணம், கும்பகோணத்தில். வாடகைக்கு வண்டி வைக்கலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். பத்மினி இருக்கும்போது வாடகை வண்டி எதற்கு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். முன்சீட்டு நீளமாக ஒரே பலகையாக இருப்பதன் அருமை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே தெரிகிறது? ஸ்டீயரிங் கியர் என்பதால் நடுவில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். மாமியார் அங்கேதான் உட்காருவார், வழி முழுக்க எனக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்துக்கொண்டே வருவார்.

துவாக்குடி தாண்டியதிலிருந்தே பிக்கப் இல்லை. செங்கிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. மே மாத வெயில். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும் வழக்கமான ஏர் லாக் என்று நினைத்து, துண்டை நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டேன். அப்பா காலத்து வைத்தியம்தான், உனக்கும் தெரியும். ஊட்டி ஏற்றத்தில் உன் புது வேட்டியைக் கிழித்துப் போட்டோமே. இந்தத் தடவை அது வேலை செய்யவில்லை. எதற்கும் பார்ப்போம் என்று ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. நான் ஊற்றாத ஆயில் எங்கிருந்து வரும்? இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் பிசுக்கே இல்லை, கருப்புத் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. மோந்து பார்த்தால் பங்க் வாசனை. பம்ப்பில் பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் ரப்பர் சவ்வு, டயாஃபிரம், கிழிந்து, பெட்ரோல் அப்படியே எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கியிருக்கிறது.

பக்கத்தில் டூவீலர் மெக்கானிக் பையன் ஒருவன். நல்ல பையன். "பானட்டுக்கு அடியில ஒரு கேனைக் கட்டி, ட்யூபை நேரா கார்பரேட்டருக்குக் கொடுத்துடறேன் சார், கும்பகோணம் என்ன, நாகப்பட்டினமே போகலாம்" என்றான். கல்லூரி நாளில் என்றால் நாம் இரண்டு பேரும் அதைத்தான் செய்திருப்போம். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயிலோடு இன்னும் அறுபது கிலோமீட்டர் ஓட்டினால், எஞ்சினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஷெல் என்ன ஆகும் என்று அவனிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தான். குடும்பத்தை டாக்ஸியில் ஏற்றிவிட்டு, லோடு வண்டி பிடித்து பியட்டோடு திருச்சிக்குத் திரும்பினேன். தாலி கட்டுவதை வீடியோவில் பார்த்தேன். மாமியார் இன்னும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பாய் பட்டறையில் பம்ப்பைப் பிரித்துப் பார்த்தோம். மாற்றி அதிக நாள் ஆகாத டயாஃபிரம். ஓரம் சுருண்டு, நடுவில் உப்பி, கம்பி வரும் இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோல் லைனுக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸை அமுக்கினால் சொதசொத என்கிறது. உள்பக்கம் செதில் செதிலாக உரிந்து, அந்தக் கருப்புத் துகள் எல்லாம், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டரின் தொட்டி அடியில் படிந்திருந்தது. "பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலக்குறாங்கள்ல, அதான்" என்றார் பாய். அவர் சொல்வது எத்தனாலை. அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த டயாஃபிரம் கடையில் எத்தனை வருஷம் கிடந்த சரக்கோ. ஆனால் பழைய ரப்பருக்கும் எத்தனாலுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம்.

இங்கே நடப்பது உனக்கு அங்கே தெரியாமல் இருக்கலாம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2030 என்று வைத்திருந்த இலக்கை முன்னால் இழுத்தார்கள், 2025லேயே வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வரும் வண்டிகளில் அதற்கேற்ற ரப்பர் இருக்கிறது. நம்மது 1989 மாடல். குர்லா தொழிற்சாலையில் அதைக் கோத்தவர்கள் எத்தனாலைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

மைலேஜ் குறைகிறது என்றுதான் எல்லாரும் கத்துகிறார்கள். எனக்கு அது பெரிய கவலை இல்லை. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், சுத்த பெட்ரோலோடு ஒப்பிட 7 சதவீதம் போகும். பத்மினி வாங்குகிறவன் மைலேஜா பார்க்கிறான்? கவலை வேறு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். இந்தக் கலவைக்கு 13.5 பக்கம் வருகிறது. புது வண்டியில் சென்சார் இருக்கிறது, தானே சரிசெய்துகொள்ளும். நம் கார்பரேட்டரில் இருப்பது பெட்ரோலை அளந்து விடும் ஒரு பித்தளைத் திருகு, ஜெட் என்பார்கள், அதில் ஒரு ஓட்டை. அதற்கு எதுவும் தெரியாது, பழைய கணக்கிலேயே விட்டுக்கொண்டிருக்கும். அதனால் காற்று மிஞ்சிக் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடக்கிறது. முதலில் ஏர் லாக் என்று நினைத்ததற்கும் இந்தச் சூட்டுக்கும் உறவு இருக்கும் போல.

ஜெட்டில் 120 என்று போட்டிருந்தால் துவாரம் 1.20 மில்லிமீட்டர். 125 போட்டால் விட்டம் 4 சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடும். நமக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதுதான். பாயோ ஓட்டையைக் குடைந்து பெரிதாக்கும் சின்ன ரீமரைக் கொண்டுவந்து இருக்கிற ஜெட்டையே அகலமாக்குகிறேன் என்கிறார். வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அசல் ஜெட் ஒரு பொட்டலத்தில் பத்திரமாக இருக்கட்டும், வேறு ஜெட் வாங்கிப் போடுவோம். நாளைக்கே எத்தனாலைக் குறைத்தால் திரும்ப மாட்டிவிடலாம் இல்லையா?

இதைச் சொல்லும்போதுதான் நீ போனில் சொன்னது ஞாபகம் வந்து எரிகிறது. "எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரிக் கிட் மாட்டுடா" என்றாயே. உங்கள் சிங்கப்பூரில் பத்து வருஷம் ஆனால் நல்ல காருக்கே மறுபடி லைசென்ஸ் எடுக்க வேண்டும். அந்தக் காகிதம் ஒரு லட்சம் வெள்ளியைத் தொட்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவனுக்கு வண்டி மேல் பாசம் எப்படி வரும், பாவம். 1089 சிசி எஞ்சினை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தகரமும் நாற்காலியும்தான். சட்டமும் லேசானது இல்லை. கம்பெனி கொடுத்த அளவுகளை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிட் போட்டால் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இருபது வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் பத்தாயிரம் ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அதைக் கட்டியாவது இப்படியே வைத்திருப்பேன். போன முறை காட்டப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், குறை கண்டுபிடிக்கப் போகிறார் என்று வயிற்றைக் கலக்கியது. கடைசியில் விலை கேட்டார்!

2000இல் ஈயம் இல்லாத பெட்ரோல் நாடு முழுக்க வந்தபோது அப்பா பட்ட பாடு நினைவிருக்கிறதா? வால்வு சீட் எல்லாம் தேய்ந்துபோகும், பியட் கதை முடிந்தது என்று ஒரு மாதம் புலம்பினார். அடுத்த தடவை ஹெட் இறக்கியபோது கடினமான சீட் போட்டோம், அவ்வளவுதான். அதனால் இதற்கும் வழி உண்டு என்றே நினைக்கிறேன். நூறு ஆக்டேன் என்று விற்கும் உயர்ரகப் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்கிறார்கள், ஆனால் விலை எக்கச்சக்கம். அதை ஊற்றி ஓட்ட நான் என்ன சிங்கப்பூரிலா இருக்கிறேன்?

ஒரு விஷயம் மட்டும் வேடிக்கையாக எழுத வரவில்லை. பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கியது எங்கள் நல்ல நேரம். அந்த ஹோஸ் விட்டிருந்தால் சூடான எஞ்சின் மேல் பீச்சியடித்திருக்கும். உள்ளே ஏழு பேர், அதில் இரண்டு குழந்தைகள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆகவே இனி மெக்கானிக்கல் பம்ப் கிடையாது. டேங்க் பக்கத்தில் சின்ன எலக்ட்ரிக் பம்ப், அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாதது. அதற்கு மேல் போனால் கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அடைத்து நிறுத்தும் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு கார்பரேட்டர் வழிந்துவிடும். ஆயில் பிரஷர் விழுந்தால் பம்ப் தானாக நிற்கும்படி ஒரு ரிலே சுவிட்ச். பின்னாலிருந்து தள்ளுவதால் ஏர் லாக் தொல்லையும் குறையும். தீயணைப்பான் ஏற்கெனவே வாங்கி முன்சீட்டுக்கு அடியில் மாட்டியாயிற்று. மழைக்காலத்தில் வண்டி நின்றால் டேங்க்கை நிரப்பியே வைக்கப் போகிறேன், எத்தனால் ஈரத்தை இழுக்கும், காலி இடம் இருந்தால் துருவுக்குக் கொண்டாட்டம்.

சாமான்தான் பிரச்சினை. மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் ரோட்டை விட்டுப் போய்விட்டது. டாக்ஸிக்காரர்கள் இருந்தவரை யாராவது எதையாவது செய்துகொண்டிருந்தார்கள். இப்போது சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள். உன் கையில் ஒரு வேலை இருக்கிறது. நீ பொங்கலுக்கு வருகிறாய்தானே? வரும்போது பெட்ரோல் ஹோஸ் வாங்கி வா. மேலே ‘எஸ்.ஏ.இ. 30ஆர்9’ என்று தரக் குறியீடு அச்சடித்திருக்க வேண்டும், ஆர்6 வேண்டாம். உள் விட்டம் 6 மில்லிமீட்டர், மூன்று மீட்டர் போதும். அப்படியே சின்ன கிளிப் ஒரு டஜன், திருகும் ரகம். தங்கம், சாக்லெட், தைலம் எதுவும் வேண்டாம். வீட்டில் கேட்டால் தைலம் மட்டும் கொஞ்சம் வாங்கிக்கொள், மாமியாரைச் சமாதானப்படுத்த உதவும்.

பாய் உன்னை விசாரித்தார். அந்தப் பழைய 14-15 ஸ்பானரை இன்னும் நீ திருப்பித் தரவில்லையாம்.

அன்புடன்,
உன் பாலு