இருளர் குடியிருப்புகளில் காவல் விசாரணை முறையைச் சீர்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
இருளர் குடியிருப்பு மக்கள்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: இரவு நேர விசாரணையை நிறுத்துதல், குடியிருப்புதோறும் தொடர்பாளர் அமைத்தல், முன்பணப் புகார்களைக் கையாளுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திருட்டு வழக்கில் துப்புக் கிடைக்காதபோது பழங்குடியினரான எங்கள் இருளர் குடியிருப்புகளுக்கு இரவில் காவல் வண்டி வருவது இன்னும் நின்றபாடில்லை. ஏரிக்கரைக் குடிசைகளுக்குக் கதவு எண்ணும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. டார்ச் வெளிச்சம் பட்டதும் எங்கள் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாம்பு நடமாடும் வயலுக்குள் ஓடுகிறார்கள். பயத்தில் ஓடுவதைக் காவலர்கள் குற்றத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும் நாட்களில் குடிசைகள் பூட்டிக் கிடக்கும். அதையும் தலைமறைவு என்று கொள்ளக் கூடாது.

விசாரணைக்கு அழைப்பதானால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி பகலில் எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால், காவல் நிலையத்துக்கும் எங்களுக்கும் இடையே குடியிருப்பிலிருந்தே அமர்த்தப்படும் தொடர்பாளர் முன்னிலையில் அதைப் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். எழுதாத தாளில் வாங்கவே கூடாது. பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வரச் சொல்லாமல் அதே சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி வீட்டிலேயே விசாரிக்க வேண்டும்.

தொடர்பாளர்களாகக் குடியிருப்புக்கு இருவர் வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இருவரும் ஒரே செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் பயனில்லை, சூளைப் பருவத்தில் ஊரில் ஒருவருமே இருக்க மாட்டார்கள். இவர்களது கைபேசி எண்கள் நிலைய வரவேற்பறையில் எழுதி வைக்கப்பட வேண்டும். யாரைக் கைது செய்தாலும் உறவினருக்குச் சொல்வதோடு இவர்களுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எங்களை வதைப்பது முன்பணப் புகார். செங்கல் சூளையிலோ சவுக்கு வெட்டிலோ கரி மூட்டத்திலோ அடி தாங்காமல் ஒரு குடும்பம் வெளியேறினால், பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று முதலாளி புகார் கொடுக்கிறார். நிலையத்தில் பஞ்சாயத்துப் பேசி அதே சூளைக்குத் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைப்பது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அந்தக் கடன் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் 15ஆம் பிரிவின்படி முதலாளியுடையதுதான். ஆகவே இப்படிப்பட்ட புகார் வந்த அன்றே கோட்டாட்சியருக்குத் தகவல் அனுப்பி, அவர் விசாரித்து முடிக்கும்வரை தொழிலாளியைச் சூளைக்காரரிடம் ஒப்படைக்காமல் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளை விட்டுவிடக் கூடாது. சான்றிதழைப் புலன்விசாரணையின்போது பெற்றுக்கொள்ளலாம்.

இவற்றை எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பி, நகல் ஒன்றை எங்களுக்கும் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இருளர் குடியிருப்பு மக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன)