மாட்டுங்கா ஸ்டேஷனில் என் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் நைட்டியும் ரவிக்கையும் தைத்துக் கொடுக்கிறவள் நான். போன மாதம் ஒரு மாலை என் அம்மா வீட்டிலிருந்து காணாமல் போய்விட்டார். அன்று ராத்திரியே அவரைப் பத்திரமாக என் கையில் ஒப்படைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். நேரில் பார்த்துச் சொல்ல முடிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆகவே நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் இது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சில வருஷமாகவே மறதி நோய். டிமென்ஷியா என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையில் சாப்பிட்டது நினைவிருக்காது. ஆனால் சின்ன வயதில் நாங்குநேரிப் பக்கம் அவர் ஆடு மேய்த்த காடு, அதில் எந்த மூலையில் கிணறு இருந்தது என்பதெல்லாம் துல்லியமாக நினைவிருக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து மும்பையில்தான் இருக்கிறார். காய்கறிக்காரரிடம் மராத்தியில் பேரம் பேசியவர், ரேஷன் கடையில் இந்தியில் சண்டை போட்டவர். இப்போது அந்த இரண்டு பாஷையும் போய்விட்டன. நெல்லைத் தமிழ் மட்டும் மிச்சம் இருக்கிறது. பிற்பாடு கற்றுக்கொண்டதுதான் பெரும்பாலும் முதலில் போகும் என்று டாக்டர் சொன்னார். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அதைப் படித்தபோது ஒரு வகையில் ஆறுதலாகத்தான் இருந்தது. நம் வீட்டில் மட்டும் இல்லையே.

பொழுது சாயும் நேரம் வந்தால் அம்மாவுக்கு நிலைகொள்ளாது. "எங்க அய்யா தேடுவாவ, நான் போறேன்" என்று கிளம்பிவிடுவார். அவருடைய அய்யா, அதாவது என் தாத்தா, நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டவர். இந்த நோய் வந்த பலருக்கு மாலையில் படபடப்பு கூடுமாம். அன்றும் அப்படித்தான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

தேடிய கதையை நீட்டப் போவதில்லை. எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிற அத்தனை வீடும் வெளியே வந்துவிட்டது. கும்பார்வாடாவில் பானை செய்கிற குஜராத்திக் குடும்பத்துப் பையன்கள் ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர், நாங்கள் காகா என்று கூப்பிடுகிறவர், தடியை ஊன்றிக்கொண்டு சந்து சந்தாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பெண்கள் என் கூடவே நின்றார்கள். போலீசில் புகார் கொடுக்கப் போன ஓர் இடத்தில் மட்டும், "24 மணி நேரம் பாருங்கம்மா, வரலைன்னா அப்புறம் வந்து எழுதிக் கொடுங்க" என்றார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆள் காணோம் என்று தெரிந்த அந்த நிமிஷமே புகார் கொடுக்கலாம். எங்கள் தெரு வக்கீல் தம்பி அதைச் சொல்லி உடனே எழுதவும் வைத்தார். தம்பி, உங்களுக்கு முதல் நன்றி.

அடுத்து ஆட்டோக்கார அண்ணன். என்னை ஏற்றிக்கொண்டு சயான் வட்டாரம் முழுக்கச் சுற்றினார். மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து போன் வந்தபோது அவர் வண்டியில்தான் இருந்தேன். சயானுக்குத் தெற்கே ஆட்டோ போக அனுமதி கிடையாது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, டாக்சி பிடித்து என்னை ஏற்றி, டாக்சிக்காரரிடம் இந்தியில் ஏதோ சொல்லி அனுப்பினார். பணத்தை நீட்டியதற்கு முறைத்தார். டாக்சிக்காரரும் வாங்கவில்லை. என்ன சொன்னாரோ!

இனி மாட்டுங்கா. இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

அம்மா சயான் ஸ்டேஷன் வரை நடந்தே போய், கூட்டத்தோடு கூட்டமாகப் பெண்கள் பெட்டியில் ஏறியிருக்கிறார். ஏறியதும் பயந்துபோய், பக்கத்தில் நின்ற ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அந்த அம்மா லோக்கல் வண்டிகளில் தலைக்கு மாட்டுகிற கிளிப், பொட்டு, தோடு எல்லாம் அட்டையில் மாட்டி விற்கிறவர். மராத்திக்காரர். அறுபது அறுபத்தைந்து இருக்கும். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. மாலை நேர வியாபாரம்தான் அவர்களுக்குச் சோறு. அதை விட்டுவிட்டு, அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் என் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கியிருக்கிறார்.

மாட்டுங்கா ஸ்டேஷனைப் பற்றி மும்பைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவிலேயே முதன்முதலாக, 2017-ல், முழுக்கப் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்ட ரயில் நிலையம் இது. ஸ்டேஷன் மேனேஜர், டிக்கெட் கொடுப்பவர், டிக்கெட் பரிசோதகர், பாதுகாப்புப் படைக் காவலர் என்று எல்லோரும் பெண்கள். அன்று பணியில் இருந்தவர்களில் மூத்தவர் ஒருவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர் மாதிரி இருந்தார். அம்மாவை உள்ளே கூட்டிப் போய், மின்விசிறிக்குக் கீழே தன் நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தார். பெஞ்சில் அல்ல, தன் நாற்காலியில். நான் போனபோது அவர் நின்றுகொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொருவர் மாட்டுங்காவிலேயே குடியிருக்கும் ஒரு மாமி. எழுபதுக்கு மேல். பூக்கடைக்குப் போகிறவர், தமிழ்க் குரல் கேட்டு நின்றிருக்கிறார். அம்மா அப்போது டிக்கெட் கவுண்டரைப் பார்த்து, "திருநெவேலிக்கு ஒரு டிக்கெட்டு குடு தாயி" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அங்கே ஒரு கல்லூரிப் பெண்ணும் இருந்தாள். நல்ல மனசோடுதான், "பாட்டி, இது மும்பை. இங்கேருந்து திருநெல்வேலி ரொம்ப தூரம். உங்க அப்பாவெல்லாம் இப்ப இருக்க மாட்டாங்க" என்று விளக்கியிருக்கிறாள். அம்மா பொங்கிப் பொங்கி அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது பழைய சாவு இல்லை, அந்த நிமிஷம் நடந்த சாவு. மாமி அந்தப் பெண்ணின் தோளில் தட்டி நிறுத்திவிட்டு, குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துச் சொன்னாராம்: "வண்டி லேட்டும்மா. செத்த உக்காருங்கோ. உங்க அப்பா வந்துண்டே இருக்காராம்."

அவ்வளவுதான், அம்மா உட்கார்ந்துவிட்டார்.

இந்த நோயாளிகளிடம் எதிர்வாதம் செய்யக் கூடாது, அவர்கள் இருக்கிற உலகத்துக்குள் நாம் போய்ப் பேச வேண்டும் என்று டாக்டர் எனக்குப் பல தடவை சொல்லித் தந்திருக்கிறார். மாமிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "எங்க மாமியாருக்கு இப்படித்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

கிளிப் விற்கிற அக்கா செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். பல நிறக் கிளிப்புகளை அட்டையிலிருந்து கழற்றி அம்மாவின் மடியில் கொட்டியிருந்தார். அம்மா பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முடிந்ததும் அக்கா அதை எடுத்து அட்டையில் மாட்டிக்கொண்டு, இன்னொரு பிடியை மடியில் போட்டார். வீட்டில் மாலை நேரத்தில் இருப்புக்கொள்ளாமல் அலைகிற கைகள் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இரு, இந்தப் புள்ளைக்கு வேலைய முடிச்சுக் குடுத்துட்டு வாரேன்" என்றார். அக்காவின் முழங்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தது. அந்தக் காலோடு எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாரோ!

என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்டார்கள். அம்மாவின் ஒவ்வொரு ரவிக்கையிலும் பின்கழுத்துப் பட்டியின் உள்பக்கம் சின்ன வெள்ளைத் துணி வைத்து, அழியாத மையால் நம்பரை எழுதித் தைத்திருக்கிறேன். சரிந்த முந்தானையைச் சரிசெய்யப் போன மாமி கண்ணில் அது பட்டிருக்கிறது. போன் செய்தது அந்தக் கல்லூரிப் பெண். டீ வாங்கி வந்தவளும் அவளே. கண்ணு, நீ சொன்னதை நினைத்து வருத்தப்படாதே. எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஒருவர் போனை நீட்டி அம்மாவை வீடியோ எடுக்கப் பார்த்தாராம். நீதான் குறுக்கே போய் நின்றாயாம். அதற்குத் தனி நன்றி.

வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு ஒன்று தோன்றியது. அன்று அம்மாவைத் தாங்கிப் பிடித்த கைகளில் முக்கால்வாசி வயதான கைகள். மாமி, கிளிப் அக்கா, ஸ்டேஷன் அம்மா, தடி ஊன்றிய காகா. வயசானால் மனசு தானாக இளகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இறுகிப்போனவர்கள்தான் எங்கள் சாலில் அதிகம். குழாயடியிலும் மாடிப்படியிலும் யாரையாவது கடித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. மூட்டுவலி, ராத்திரி தூக்கம் இல்லை, சொன்னால் கேட்க ஆள் இல்லை. காது மந்தமானவர் சத்தமாகப் பேசுகிறார், நமக்குக் கோபம் மாதிரிப் படுகிறது. ஆக, இந்த நாலு பேரும் இப்படி இருப்பது வயதால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. அதே வலியை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் உதவுகிறார்கள் என்பதும் சரியில்லை. கிளிப் அக்காவுக்கு அன்று வியாபாரமே போய்விட்டது. எனக்கும் அறுபது ஆகிவிட்டது. இன்னும் இருபது வருஷத்தில் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு எந்த ஊருக்கு டிக்கெட் கேட்பேனோ. அதுவரை நான் எப்படி இருக்க வேண்டும் என்பதை இவர்கள் காட்டிவிட்டார்கள்.

அன்று போன் மேல் போன் செய்து உதவிய எல்லோருக்கும் சேர்த்து இதையும் எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும். போலீசுக்கு 112. ரயிலில் ஏறியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் 139. மூத்த குடிமக்களுக்கென்று 14567 என்று ஒரு நம்பர் இருக்கிறது, வழி கேட்கலாம். பெரியவர்களை அண்மையில் எடுத்த படம் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். கல்யாண ஆல்பத்துப் படத்தைக் காட்டித் தேட முடியாது. ரவிக்கையிலோ சட்டையிலோ நம்பர் தைக்க வேண்டுமானால் என்னிடம் கொண்டு வாருங்கள், அந்த வேலைக்குக் காசு வாங்குவதில்லை.

மாமியை அடுத்த வாரமே போய்ப் பார்த்தோம். காப்பி கொடுத்தார். அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, ஆனால் போனதும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்டேஷனுக்கு இனிப்பு கொண்டுபோனோம். வாங்க மறுத்து, பிறகு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

கிளிப் அக்காவைத்தான் இன்னும் பார்க்க முடியவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, இந்த மடலை அவர் படிக்கப் போவதும் இல்லை. அதனால் மாலையில் சயான், மாட்டுங்கா, தாதர் வழியாகப் போகிற ஸ்லோ லோக்கலில் பெண்கள் பெட்டியில் ஏறும் தோழிகளிடம் ஒரு உதவி கேட்கிறேன். நெற்றியில் பெரிய பொட்டு, மராத்திக் கட்டு ஒன்பது கஜ நவ்வாரிப் புடவை, முழங்காலில் பேண்டேஜ், கையில் கிளிப் அட்டை. அவரைப் பார்த்தால் இதைப் படித்துச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு பச்சை கிளிப் அம்மா தலையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, அதற்கான காசு நிற்கிறது. 90 அடி சாலையில் நைட்டி தைக்கிற அக்கா கடை எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் கடை திறந்திருக்கும். வரும்போது அளவு ரவிக்கை ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்மாவின் மூத்த மகள்,
தாராவி, மும்பை.