எந்த டாக்டர் பேரை எழுதினே?

அன்புள்ள ரவி,

நலம், நலமறிய ஆவல். சம்பிரதாயம் முடிஞ்சது. மாசிமகத்துக்கு வந்துட்டுப் போனப்புறம் ஒரு வரி எழுதலைன்னு திட்டறதுன்னா இப்பவே திட்டிக்கோ. கீழே இன்னும் பெரிய காரணம் வெச்சிருக்கேன்.

சின்னவளுக்கு மூக்கு ஒழுகுதுன்னு அன்னிக்கு உன் மருந்துக்கடையில வந்து நின்னேனே, செஃபிக்சிம் ஆன்டிபயாடிக் பத்து மாத்திரை கொடுத்தே. காசும் வாங்கலை. விடிஞ்சா ரயில், பத்மா நச்சரிப்பு, எனக்கு ஒண்ணும் தோணலை. சளி வைரஸ் வேலை, அதை இந்த மாத்திரை தொடக்கூடத் தொடாதுன்னு வருஷாவருஷம் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்!

அந்த மாத்திரை 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியல்ல, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்துங்க பட்டியல்ல, இருக்கு. டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரைன்னு தனி ரெஜிஸ்டர்ல ஏத்தி மூணு வருஷம் வெச்சிருக்கணும். உனக்குத் தெரியாததா? கோச்சுக்காம சொல்லு: அன்னிக்கு எந்த டாக்டர் பேரை எழுதினே? லேபுக்கே போகாம டைட்ரேஷன் ரீடிங்கை ஹாஸ்டல்லயே உட்கார்ந்து எழுதின கையாச்சே அது.

போன வாரம் என் மாணவி ஒருத்தி வீடுவீடாப் போய்க் கேட்கறதுக்குக் கேள்வித்தாள் தயார் பண்ணினா. ஒத்திகைக்கு என்னையே முதல் ஆளா உட்காரவெச்சா. ஏழாவது கேள்வி: "வீட்டில் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் இருக்கிறதா?" சட்டுன்னு "இல்லை"ன்னேன். சின்னவ மூணாம் நாளே துள்ளிக் குதிச்சா, நிறுத்திட்டோம். நாலு மாத்திரை ஃபிரிட்ஜ் மேல டப்பாவில கிடக்கு. அந்தப் பொண்ணு நம்பி டிக் அடிச்சுக்கிட்டா. ராத்திரி தூக்கம் வரலைடா.

அதே வாரம் ஒரு சிறுநீர்க் கல்ச்சர், அதாவது தட்டுல கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, பார்த்தேன். ஈ.கோலைங்கிற குடல் கிருமி. மருந்து கேட்டா வட்டைச் சுத்திக் கிருமி வளராம வெத்திடம் இருக்கணும்; செஃபிக்சிம் தோய்ச்ச வட்டைச் சுத்தி ஒரு மில்லிமீட்டர்கூட வெத்திடம் இல்லை, புல்தரை மாதிரி வளர்ந்து கிடக்கு. ஆஸ்பத்திரியில ஒருநாள்கூடப் படுக்காத கர்ப்பிணிப் பொண்ணு. வாய்வழி மருந்து ஒவ்வொண்ணாக் கைவிட்டு, கடைசியில ஊசிக்குப் போயிட்டாங்க. "உடம்புக்கு மருந்து பழகிடுச்சு"ன்னு உன் கடையில வந்து சொல்வாங்களே, பழகினது உடம்பு இல்லை, கிருமி. சின்னவ குடல்ல அந்த ஆறு மாத்திரைக்கு சாதுக் கிருமியெல்லாம் செத்திருக்கும், மருந்துக்கு அடங்காத முரடு தங்கியிருக்கும். அதுகிட்ட இருக்கிற மரபணு பக்கத்துக் கிருமிக்கும் கைமாறும், வேற ஜாதிக் கிருமியா இருந்தாலும் சரி.

2010-ல இந்த மாதிரி மருந்துக்கு அடங்காத கிருமி பத்தி லான்செட் மருத்துவ இதழ்ல கட்டுரை வந்தப்ப நீ கொதிச்சது ஞாபகம் இருக்கா? கிருமி மரபணுவுக்கு நியூ டெல்லின்னு பேர் வெக்கலாமான்னு. கட்டுரையோட முதல் பேரே நம்ம சென்னைப் பல்கலைக்கழக கார்த்திகேயன் குமாரசாமியோடதுன்னதும் கப்சிப். சென்னையில எடுத்த மாதிரிகளும் அதுல இருந்தது. அப்பவும் நாம பேரைப் பத்தித்தான் சண்டை போட்டோம்.

உன்மேல குத்தம் சொல்லலை. நீ கொடுக்கலைன்னா எதிர்க்கடையில கொடுப்பான், தெரியும். ஆனா கேட்டு வந்தவன் நான். வேற யாராவது கேட்டிருந்தா அரைமணி நேரம் லெக்சர் அடிச்சிருப்பேன்.

மாணவிகிட்ட இன்னும் உண்மையைச் சொல்லலை. திங்கட்கிழமை சொல்லணும்.

அம்மா முழங்கால் எப்படி இருக்கு? பத்மா கேட்கச் சொன்னா.

முக்கியமானதை மறந்துட்டேன். அந்த நாலு மாத்திரை. குப்பையில போடக்கூடாது, சிங்க்ல கரைக்கக்கூடாதுன்னு நானே வகுப்புல சொல்லியிருக்கேன். ஆடிக்கு வரும்போது கொண்டுவந்தா நீ எடுத்துக்குவியா?

உன்
சேகர்